தோளில் போட்ட கை

படத்திலுள்ள கிழவியின் கையை மவுஸால் இழுத்தால் அதிலிருக்கும் மச்சமும் சேர்ந்து நீளவேண்டும். நீளவில்லை. தனுஷா கணினித் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தாள். இழுத்த இடம் மங்கவும் இல்லை. புதிதாகத் தோல் முளைத்ததுபோல, சுருக்கமும் மயிர்க்கால்களும் வேர்வைப் பிசுக்குமாகத் தெளிவாக இருந்தது. சீ, என்ன கறுமமோ.

படம் செய்யக் கொடுத்த முத்துலிங்கத்தின் தாயார் சிவனேஸ்வரியின் முப்பத்தோராம் நாள் வருகிறது. நினைவு மலருக்கு, கனடாவில் பிறந்த பேத்தியின் தோளில் அவர் கைபோட்டு நிற்பதுபோல ஒரு படம் வேண்டுமாம். உயிரோடு இருந்தவரை மனுசி அந்தப் பிள்ளையைக் கண்டதே இல்லை. தண்ணீரூற்று ஊரிலுள்ள இந்தப் படம்பிடிக்கும் ஸ்ரூடியோவில், செத்தவர்களை இருப்பவர்களோடு ஒட்டுவதுதான் தனுஷாவின் பாதி வேலை. யுத்தத்தில் பட அல்பங்களைப் பதுங்குகுழிகளில் விட்டுவிட்டு ஓடிய சனம், வேறென்ன செய்யும்? பேத்தியின் படம் இன்னும் வந்துசேரவில்லை. அளவு பார்க்கத் தன் மகள் வினோஜாவின் படத்தை அந்த இடத்தில் வைத்திருந்தாள்.

மத்தியானம் முத்துலிங்கம் வந்து எட்டிப் பார்த்தார்.

“கை பிள்ளையின்ர தோளில நல்லாப் படவேணும், தங்கச்சி. படுக்கையில கிடந்து புண் வைச்ச நேரமும், ஒருக்காத் தொட்டுப் பாக்கவேணும் எண்டுதான் அம்மா கேட்டுக்கொண்டு கிடந்தவா.”

“ஓம் அண்ணை. பேத்தியின்ர படம் வந்தா மாத்திப்போடலாம். பின்னேரம் வாங்கோ, கையை முடிச்சு வைக்கிறன்.”

பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த இரைச்சலில் றோட்டுச் சத்தமெல்லாம் அடங்கிப்போக, ரியூசன் வகுப்பு முடிந்து நனைந்து வந்த வினோஜா பின்னால் கதிரையில் இருந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். ஏழு வயது. தனுஷாவுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். தனுஷா படத்துக் கையை இன்னும் கொஞ்சம் இழுத்தபோது ஒரு மணம் வந்தது. ஊசிப்போன நல்லெண்ணெயும் சீழும் கலந்து, தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும் மணம். மவுஸ் விரல்களுக்கடியில் வழுக்கியது. உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள், பிசுக்குப் போகவில்லை. எப்படியாவது முடித்துத் துலைப்போம் என்று ஒரே இழுவையில் இழுத்து, கையைப் படத்திலிருந்த வினோஜாவின் தோளில் வைத்தாள்.

“அம்மா, தோளில இருந்து கையை எடுங்கோ. ஈரமாக் கிடக்கு.”

“நான் இஞ்ச எல்லோ இருக்கிறன், பிள்ளை.”

திரும்பினாள். வினோஜாவுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. வெள்ளைச் சட்டையின் தோளில் ஐந்து விரல் அடையாளம். அது மஞ்சளாக ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.

ஐயோ.

பாய்ந்து, செய்த வேலையைப் பின்னோக்கி அழித்தாள். விசையின் ஒவ்வொரு அமத்தலுக்கும் கை ஒரு சாண் உள்ளே சுருங்கியது. விரல்கள் மட்டும் விடவில்லை. படத்திலிருந்த தோள் அவற்றோடு கூடவே வந்தது, பிசைந்த ரொட்டி மாவைப்போல. பின்னால் கதிரை சீமெந்தில் உரசிக்கொண்டு நகர்ந்தது.

“அம்மா! நோகுது! இழுக்காதேங்கோ!”

நிறுத்தினாள். படத்துக் கையைத் திரும்ப நீட்டினால் விடுமோ? நீட்டினாள். விரல்கள் தோளிலிருந்து ஊர்ந்து கழுத்தடிக்குப் போய், அங்கே இறுகின. வினோஜாவின் சத்தம் அடைத்துப்போனது.

கடவுளே. என்ர பிள்ளை.

கணினியின் வயரைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. மழைச் சத்தம் மட்டும். பிறகு, மிகக் கிட்ட, ஈரமான ஒரு சப்புச் சத்தம். நாற்றம் அறையை நிறைத்தது. மகளின் பக்கம் திரும்பினாள்.

மகளின் கழுத்தடியிலிருந்து தோல் புறப்பட்டு வந்தது. கிழியவில்லை. ரத்தமும் இல்லை. நரம்புகள் நீலமாய்த் தெரிய, இளஞ்சூடாக, தனுஷாவின் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு, அறை நீளத்துக்கு நீண்டு கிடந்தது. அதன் மறு முனையில், அணைந்த திரையின் விளிம்பில், ஐந்து மஞ்சள் நகங்கள் அதை ஆறுதலாக உள்ளே திரட்டிக்கொண்டிருந்தன.