எர்த் குழிக்கு ஒரு குடம்

காலை ஒன்பதுக்கே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். மாதாந்திரப் பராமரிப்பு. மாலை ஐந்து வரை இண்டூர் முழுக்க வராது. அதனால் பதினோரு மணிக்கு பிரிட்ஜ் கைப்பிடியைத் தொட்டபோது விரலில் சுருக்கென்றதை ஏதோ பிரமை என்றுதான் காவியா நினைத்தாள்.

மறுபடி தொட்டாள். சுருக்.

வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. பக்கத்தில் எங்காவது ஜெனரேட்டர் போட்டு, லைன் திரும்பி வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள். மின்விசிறியும் மோட்டாரும் ஓய்ந்த அந்தப் பகலில், தெருவில் கோழி மண்ணைக் கிளறுவதுகூடக் கேட்டது. புது பெயின்ட் வாசனைக்கு அடியில் கருகிய ஒயரின் வாசனை மெல்ல வந்தது. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, அலமாரியிலிருந்த டெஸ்டரை எடுத்துக் கைப்பிடியில் வைத்தாள்.

டெஸ்டருக்குள் இருந்த சின்ன விளக்கு எரிந்தது.

அது மாதவராஜ் மாமாவின் டெஸ்டர். அம்மாவின் தம்பி. இந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தவர்.

பால் காய்ச்சிய அன்று மாமா பின்பக்கம், கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியருகே உட்கார்ந்துகொண்டு, "பிசிக்ஸ் படிச்ச புள்ள இருக்கறப்ப வெளியாள் எதுக்கு? காவியாவே செக் பண்ணட்டும்," என்றார். உள்ளே இவள் கையில் ஒரு ஹோல்டரும் குண்டு பல்பும். ஒரு ஒயரைக் கரண்ட் வரும் பேஸிலும் இன்னொன்றை எர்த்திலும் வைத்தால் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். எரியவில்லை. இழை மட்டும் ஊதுபத்தி நுனிபோலச் சிவந்தது.

"பல்பு எப்படி சாமி எரியுது?" ஜன்னலுக்கு வெளியிலிருந்து மாமா கேட்டார்.

கூடம் நிறைய உறவுக்காரர்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "பேச்ச பழைய வூட்டுலயே வெச்சுப் பூட்டிட்டு வந்துட்டியாடி?" என்று ஒரு அத்தை சிரித்தாள். காவியாவுக்குக் காது சுட்டது. எரியவில்லை என்று சொன்னால் குழியைத் திரும்பத் தோண்டுவார்கள், ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

"நல்லா எரியுதுங்க மாமா."

"அப்ப மூடிரலாம்."

நான்காம் நாள் மோட்டாரைப் பார்க்க வந்த மாமா, ஈரக் காலோடு அதன் மேல் கை வைத்தார். விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். அவர் உள்ளங்கையிலிருந்த கறுப்புப் புள்ளியை இவள் மட்டும் பார்த்தாள். ஒரு மாதமாயிற்று. எர்த்தைப் பற்றிச் சொன்னால் பல்பைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

பின்கதவு திறந்தது. அம்மா தீர்த்தம்மாள் இடுப்பில் குடத்தோடு நின்றாள். எர்த் குழி காயக் கூடாது, தினம் ஒரு குடம் ஊத்துங்க என்று மாமா சொல்லியிருந்தார். அவரைப் புதைத்த மறுநாளிலிருந்து அம்மா ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

"அம்மா, இன்னிக்கி வேண்டாமே."

"ஏன்டி? எந்தம்பி சொன்னதுல இதாவது நிக்காம நடக்கட்டும்."

சொல்லிவிட வேண்டும். இப்போதே.

"என்ன, சொல்லு."

"ஒன்னுமில்லம்மா."

அம்மா போய்விட்டாள். காவியா கையிலிருந்த டெஸ்டரைப் பார்த்தாள். மெயினை இறக்கினால் பேஸ் நின்றுவிடும். பிரிட்ஜின் உடம்போடு சேர்ந்த எர்த் ஒயர் நிற்காது. அது சுவிட்ச் எதிலும் சேராமல் நேரே மண்ணுக்குள் போகிறது.

அப்படியென்றால் இது மண்ணிலிருந்து வருகிறது.

வெளியே தண்ணீர் ஊற்றும் சத்தம். ஒரு குடம் காலியாக எவ்வளவு நேரம் ஆகும்? அவள் எண்ணினாள். இருபது. நாற்பது. சத்தம் நிற்கவில்லை.

"அம்மா?"

அறுபது.

ஓடினாள்.

அம்மா முதுகைக் காட்டி நின்றிருந்தாள். வெறுங்கால், சேற்றில். குடம் தலைகீழாக இருந்தது. அதன் வாயில் ஒரு சொட்டுகூட இல்லை. ஆனாலும் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குழிக்குள்ளிருந்து. அம்மாவின் இடது கை பச்சை எர்த் ஒயரை இறுகப் பற்றியிருந்தது.

தொடக் கூடாது. தெரியும். மரக்கட்டை வேண்டும். எங்கே?

டெஸ்டர் கை நழுவிச் சேற்றில் விழுந்தது.

அதன் மறுமுனையில் ஒரு விரல் பட்டால்தான் விளக்கு எரியும். உடம்பு வழியாக மண்ணுக்குப் போனால்தான் எரியும். அவள் படித்திருக்கிறாள்.

அம்மாவின் தலை திரும்பவில்லை. தாடை மட்டும் அசைந்தது. வந்தது அம்மாவின் குரல் இல்லை.

"பல்பு எப்படி சாமி எரியுது?"

காவியா கீழே பார்த்தாள். சேற்றில் கிடந்த டெஸ்டர், யார் விரலும் படாமல், பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.