காயவிட்ட குழாய்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறும்போதே வெங்கடேஸ்வரிக்கு அசதியாக இருந்தது. ராஜபாளையத்தில் இறங்கி, ஆஸ்பத்திரியின் பின்வாசல் படியேறி, செருப்பை மாற்றிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்தபோது மணி ஏழரை. வியாழக்கிழமை என்றால் மதுரையிலிருந்து மூளை டாக்டர் கௌதம்ராஜ் வந்துவிடுவார். அவருடைய கருவிகளைக் கழுவி எடுத்துக் கொடுப்பது ஒன்பது வருஷமாக இவள் வேலை. ஒரு நாளாவது பகல் முழுக்கத் தூங்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே பேராசை.

அன்றைக்குப் படுத்திருந்தது மம்சாபுரத்து அனுசியா. கைப்பிள்ளைக்காரி. மூளைக்குள் நீர் தேங்கி, ஒரு வாரமாகத் தலைவலியும் வாந்தியும். மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. சின்னத் துளை ஒன்று போட்டு, பென்சில் பருமன்கூட இல்லாத கேமரா குழாயை உள்ளே விடுவார்கள். குழாய்க்குள்ளேயே கருவி போய்வர மெல்லிய வழி ஒன்று உண்டு. உள்ளே நடப்பதெல்லாம் டிவியில் தெரியும்.

"முடியெல்லாம் வழிச்சிட்டாகக்கா. எம்பிள்ளைக்கு அடையாளம் தெரியுமா?"

"தெரியாம என்ன? பேசாம படு" என்று சொல்லிவிட்டுக் கழுவும் அறைக்குப் போனாள்.

குழாய் இருந்த பெட்டியைத் திறந்ததும் எண்ணெய் வாடை அடித்தது.

சமையல் எண்ணெய் இல்லை. அப்பா போலீஸில் இருந்தவர். துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய் வாடை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பிரஷ்ஷைக் குழாயின் வழிக்குள் விட்டாள். பாதியில் போய் நின்றுவிட்டது. போன மாதமும் அதே இடத்தில்தான் நின்றது.

அது ஆடித் தேர் நாள். பாதிப்பேர் லீவு. ராத்திரி டியூட்டியோடு பகல் டியூட்டியும் இவள் தலையில் விழுந்தது. ஆபரேஷன் முடிந்து குழாயை ட்ரேயில் வைத்தாள். ஈரம் காயுமுன் உள்வழியைக் கழுவிவிட வேண்டும். செத்த நேரம் என்று ஸ்டூலில் உட்கார்ந்தவள், கண் விழித்தபோது மணி ஐந்து. உள்ளே இருந்த ரத்தம் காய்ந்து இறுகிவிட்டது. வெளியே மட்டும் அலசி, மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, 'கழுவியது 2.10' என்று நோட்டில் எழுதி வைத்தாள்.

அடுத்த வியாழன் அதே குழாய் சேத்தூர் தங்கப்பாண்டியன் தலைக்குள் போனது. பட்டாளத்தில் இருந்தவர். மேஜையில் படுத்தபடி குழாயை ஆசையாகப் பார்த்தார்.

"நாங்க சுட்டு முடிச்ச கையோட துப்பாக்கிக் குழலுக்குள்ள துணி விட்டு எடுத்துருவோம். காய விட்டா அம்புட்டுதான். இத கழுவியாச்சாம்மா?"

"ஆச்சுய்யா."

பன்னிரண்டாம் நாள் காய்ச்சலில் போய்விட்டார். மூளையில் கிருமி என்றார்கள். எப்படி வந்தது என்று யாரும் இவளைக் கேட்கவில்லை. அதன்பிறகு குழாய்க்கு வேலை வந்தது இன்றைக்குத்தான். இன்றைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைப்பு தப்பும். அனுசியா தப்புவாளா என்பது வேறு கதை.

கால் தானாகத் தியேட்டருக்கு நடந்தது. எடுத்து வந்த குழாயில் கேமராவை மாட்டினாள். டிவியில் நிறம் சரியாக விழ, முதலில் வெள்ளைத் துணியைக் காட்ட வேண்டும். மடித்த துணியைக் குழாயின் நுனியருகே பிடித்தாள்.

டிவி வெளுக்கவில்லை.

கழுவும் அறை தெரிந்தது. ட்ரேயில் கிடந்து அண்ணாந்து பார்க்கிற உயரத்தில். மேலே மின்விசிறி. சுவரில் கடிகாரம், இரண்டு பத்து. அதன் கீழே ஸ்டூலில் ஒருத்தி சுவரில் தலை சாய்த்து, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவளேதான்.

கடிகார முள் நகர்ந்தது.

"அழகுத்தாயக்கா, டிவியப் பாருங்களேன்."

மூத்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "என்னத்தப் பாக்க? வெள்ளையாத்தான இருக்கு. ஏட்டி, ராத்திரி தூங்குனியா இல்லியா?"

எண்ணெய் வாடை நெருங்கி வந்தது. பின்கழுத்தில் ஒரு மூச்சு பட்டது.

"கழுவியாச்சாம்மா?"

மெதுவாக, மரியாதையாக, அதே குரல்.

டாக்டர் கை கழுவிவிட்டு உள்ளே வந்தார். அனுசியாவுக்கு மயக்க ஊசி தயாராக இருந்தது. வெங்கடேஸ்வரிக்குப் பயத்தைவிட அலுப்புதான் பெரிதாக இருந்தது. இதை இன்னொரு வாரம் சுமக்க அவளிடம் தெம்பில்லை.

"சார், வேண்டாம். குழாய்க்குள்ள அடைச்சிருக்கு. போன மாசத்துலருந்தே. நான் கழுவல. கழுவுனதா எழுதிட்டேன்."

டாக்டர் அவள் கையிலிருந்த குழாயைக் குனிந்து பார்த்தார்.

"தங்கப்பாண்டியனுக்கும் இதே குழாய்தானே?"

"ஆமா சார்."

"எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. நானும் எழுதணும்." அதற்குமேல் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அனுசியாவை ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். குழாயைப் பெட்டியோடு முத்திரை வைத்துப் பீரோவில் பூட்டினார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வெங்கடேஸ்வரி பஸ் ஏறியபோது உச்சி வெயில். ஜன்னலோர சீட் கிடைத்தது. வேலை போய்விட்டது, போலீஸும் வரலாம். ஆனாலும் நெஞ்சு லேசாக இருந்தது. ஊர் போய்ச் சேருவதற்குள் கொஞ்சம் தூங்கலாம் என்று கண்ணை மூடினாள்.

இமைக்குள் இருட்டில்லை.

மேலே மின்விசிறி சுற்றியது. சுவரில் கடிகாரம். ஸ்டூலில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். பஸ், வெயில், டிக்கெட் கேட்கிற கண்டக்டர். பக்கத்து சீட் காலி. எண்ணெய் வாடை மட்டும் உட்கார்ந்திருந்தது.

மறுபடி மூடிப் பார்த்தாள். தன்னையே கூப்பிட்டு எழுப்ப வேண்டும் போலிருந்தது. ட்ரேயில் கிடந்த அவளுக்கு வாய் இல்லை. ஈரம் ஓரத்திலிருந்து காயத் தொடங்கியிருந்தது.

மணி இரண்டு பன்னிரண்டு. ஸ்டூலில் இருப்பவள் ஐந்து மணிக்குத்தான் எழுந்திருப்பாள்.