கேள்வி கேட்காத எழுத்து

திரையின் இடப்பக்கப் பட்டியலில் பெயரே இல்லாத ஒரு கோப்பு இருந்தது.

அளவு இருந்தது. தேதியும் நேரமும் இருந்தன. பெயர் நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் திரையின் நீலம் வெறுமையாகக் கிடந்தது. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். பெயர் வரவில்லை. ஆனால் இன்னொன்று கண்ணில் பட்டது. அந்தக் கோப்பின் நேரமும் சுவர்க்கடிகாரத்தின் நேரமும் ஒன்றாகவே இருந்தன. முள் நகர்ந்தபோது திரையிலும் எண் நகர்ந்தது. இந்த நிமிடத்தில்தான் யாரோ அதைத் தொட்டுக்கொண்டிருப்பது போல.

வீடு மாறுகிறவர்களும் தூரதேசம் போகிறவர்களும் தங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை வைத்துப் பூட்டிவிட்டுப் போகும் கிடங்கு அது. மேலே நீண்ட தாழ்வாரமும் அதன் இருபுறமும் வரிசையாக அறைகளும் இருந்தன. கீழே, சன்னலே இல்லாத நிலவறையில், விண்டோஸுக்கு முந்திய டாஸில் இயங்கும் பழைய கணினியோடு அவளுடைய அலுவலகம். மேலே இருக்கும் அறை ஒவ்வொன்றுக்கும் கணினிக்குள் ஓர் அறை; அங்கே இருக்கும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு கோப்பு. வேலையாட்களுக்கும் ஆளுக்கொரு கோப்பு உண்டு. ஒருவரை ஓர் அறைக்கு அனுப்பினால் அவருடைய கோப்பும் அந்த அறைக்கு நகர்த்தப்படும். யார் எங்கே இருக்கிறார் என்பதைத் திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். இதற்கென்று இருந்த கோப்பு மேலாண்மைப் புரோகிராம் திரையை இரண்டு பத்திகளாகப் பிரித்துக் காட்டும். இடப்பக்கத்தில் இருப்பதை வலப்பக்கத்துக்கு நகர்த்த ஒரே ஒரு விசை போதும்.

அன்று காலை மேலாளர் படியிறங்கி வந்து, அவள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"டிஸ்க்குல தினமும் இடம் குறையுது. எங்கம்மா போகுது? பசிக்குதுன்னு நீங்க எடுத்துச் சாப்பிடறீங்களா?"

"பாத்துச் சொல்றேன் சார். மன்னிக்கணும்."

"மன்னிக்கறது என் வேலை இல்ல. சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியணும். இல்லன்னா அக்காவும் தங்கச்சியும் ஒரே பஸ்ல வீட்டுக்குப் போயிடலாம்."

வீட்டில் இருந்தது அவளும் தங்கையும் மட்டும்தான். படிப்பில் நாட்டமில்லாத தங்கையை, பெட்டி சரிபார்க்கும் வேலைக்குச் சிபாரிசு செய்து இங்கே கொண்டுவந்தவள் அவள். ஆகவே மேலாளர் படியேறியதுமே அவள் கணினியின் முன் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் புரோகிராமைத் திறப்பதில் அலுவலகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த பழைய ஆபரேட்டர், வேலையை ஒப்படைக்கும்போதே சொல்லியிருந்தார்: "பேரை அடிங்க. ஒரு இடம் விடுங்க. சாய்கோடு, இங்கிலீஷ் எழுத்து எச். அந்த எச் இல்லாம மட்டும் தொறக்காதீங்க." ஏன் என்று கேட்டதற்கு, "எனக்குச் சொன்னவரும் சொல்லல" என்று சிரித்தார். பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

அவளோ முறையாகப் படித்தவள். காரணம் தெரியாத பழக்கத்தை மரியாதையோடு கடைப்பிடித்தாளே தவிர, மனத்துக்குள் ஒப்புக்கொண்டதில்லை. அன்று மதியம், மேலே தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்த வேளையில், புரோகிராமின் பெயருக்குப் பின்னால் சாய்கோடும் கேள்விக்குறியும் அடித்தாள். உதவிப் பக்கம் விரிந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விளக்கம். எம் என்றால் திரை கறுப்பு வெள்ளையாகும். டி என்றால் கடைசியாகத் தொடப்பட்ட கோப்பு பட்டியலின் உச்சியில் நிற்கும். ஒய் என்றால் புரோகிராம் எதற்கும் அனுமதி கேட்காது. எச் என்றால், மறைந்திருப்பதை மறைவிலேயே விட்டுவிடும்.

இவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறைந்திருக்கும் ஏதோ ஒரு கோப்பு இடத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. எல்லாரும் பயபக்தியோடு எச் போட்டு அதைப் பார்க்காமலே இருந்திருக்கிறார்கள். அவள் எச்சை விட்டுவிட்டு, டி மட்டும் போட்டுத் திறந்தாள்.

அப்போதுதான் கடைசி அறையின் பட்டியலில் அந்தப் பெயரற்ற கோப்பு தெரிந்தது. மேலே தாழ்வாரக் கோடியில், யாருக்கும் வாடகைக்கு விடாமல் பூட்டியே கிடக்கும் அறை அது. மற்ற அறைகளில் இருந்த எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்த ஒரு கோப்பின் அளவுக்கு எட்டாது. அதன் கீழே மறைத்துவைக்கப்பட்ட இன்னொரு கோப்பும் இருந்தது. பழைய ஆபரேட்டருடையது. அளவு: சுழியம்.

நின்றுபோனவருடைய கோப்பை யார் அங்கே நகர்த்தினார்கள் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பெயரற்ற அந்த வரி பட்டியலிலிருந்து மறைந்தது.

ஒவ்வோர் அறையாகத் திறந்து தேடினாள். அடுத்த அறையின் பட்டியலில், எல்லாவற்றுக்கும் மேலே, அது நின்றது. அதன் கீழே இருந்த பெட்டிகளின் அளவுகள் அவள் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றாகச் சுழியமாயின. அதே சமயம், நிலவறைக்குக் காற்றுவரும் தகரக் குழாயின் வழியாக, மழை இரைச்சலுக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டது. கனமான மரச்சாமான் ஒன்றை யாரோ அவசரமே இல்லாமல், நின்று நின்று, சிமெண்டுத் தரையில் இழுப்பது போல. அதைத் தொடர்ந்து ஈரக் கம்பளியும் அந்துருண்டையும் கலந்த வாடை குழாயிலிருந்து மெல்ல இறங்கி அவள் பிடரியில் படிந்தது.

மேசைமேல் இருந்த வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"எங்கடி இருக்க?"

"நடு ரூம்ல." தங்கையின் குரல் கரகரத்து வந்தது. "நீதானே அக்கா அனுப்பின? கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்து உன் மூளை பிளாப்பி ஆயிடுச்சு."

"கூட யாரு இருக்காங்க?"

"எல்லாரும் பின்பக்கம் லாரி இறக்கப் போயிட்டாங்க. நானும் ஒரு சாப்பாட்டு மேசையும்தான். மேசை கொஞ்சம் உம்முனு இருக்கு."

"சத்தம் ஏதாவது கேக்குதா?"

"கோடி ரூம்ல பீரோ தள்றாங்க. எலியா இருந்தா நல்லாச் சாப்பிட்ட எலி." தங்கை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அக்கா, கடைசி ரூம் பூட்டித்தானே இருக்கு?"

அவள் திரையைப் பார்த்தாள். அது இன்னோர் அறை தாண்டியிருந்தது. அங்கும் எல்லாம் சுழியம்.

பழைய பழக்கம் ஞாபகத்துக்கு வந்தது. அவசரமாகப் புரோகிராமை மூடினாள். பெயர், இடைவெளி, சாய்கோடு, எச். திரை பளிச்சென்று விரிந்தது. பெயரற்ற வரி எந்த அறையிலும் இல்லை. பெருமூச்சு விட்டாள்.

"அக்கா, வராண்டா லைட் அணைஞ்சிடுச்சு."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எச் மறைத்தது அவளுடைய பார்வையிலிருந்து மட்டும்தான். தன்னை ஒருத்தி பார்த்துவிட்டாள் என்பது அதற்குத் தெரிந்துவிட்டது. அதை மறக்கச் செய்யும் எழுத்து உதவிப் பக்கத்தில் இல்லை.

"வெளிய வா. இப்பவே கீழ வா."

காலடிச் சத்தம். கைப்பிடி திருகும் சத்தம்.

"கதவு வரல அக்கா. அந்தப் பக்கம் யாரோ பிடிச்சிருக்காங்க."

"தள்ளு."

"தள்றேன். அவங்களும் தள்றாங்க."

எச்சை எடுத்துவிட்டு மறுபடி திறந்தாள். நடு அறை. சாப்பாட்டு மேசைக்கு ஒரு வரி, தங்கைக்கு ஒரு வரி, இரண்டுக்கும் மேலே வெறுமையாக ஒரு வரி. அழிக்கும் விசையை அழுத்தினாள். அனுமதி மறுக்கப்பட்டது. மறுபடி அழுத்தினாள். மறுக்கப்பட்டது. அழியாவிட்டால் போகட்டும், நகருமே என்று தோன்றியது. ஒரு பிளாப்பி வட்டுக்கு நகர்த்திவிட்டு, பிளாப்பியை உருவி, காலடியில் போட்டு நொறுக்கிவிடலாம். இழுப்பறையிலிருந்த கறுப்புப் பிளாப்பிகளில் ஒன்றைச் செருகினாள். வலப்பக்கத்தில் அதைத் திறந்தாள். நகர்த்தும் விசை.

நிச்சயமாக நகர்த்தவா என்று புரோகிராம் கேட்டது. ஆம். மறைந்திருக்கும் கோப்பு, ஆனாலும் நகர்த்தவா என்றது. ஆம். பெயரில்லை, ஆனாலும் நகர்த்தவா என்றது. அவள் ஆம் என்பதற்குள் வரி ஒரு முறை சிமிட்டியது; புரோகிராம் எல்லாக் கேள்விகளையும் முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தது.

"அக்கா, உள்ள வந்துட்டாங்க." தங்கை கிசுகிசுத்தாள். "ஆளைக் காணோம். மேசை நகருது."

கேள்விகளுக்கு நேரமில்லை. மூடினாள். பெயர், இடைவெளி, சாய்கோடு, டி. சாய்கோடு, ஒய். எதற்கும் அனுமதி கேட்காத எழுத்து. நடு அறை விரிந்தது. உச்சியில் வெறுமையான வரி. அதன்மேல் கர்சரை நிறுத்தி, நகர்த்தும் விசையை ஓங்கிக் குத்தினாள்.

விரல் விசையைத் தொட்ட அந்தக் கணத்தில், தங்கையின் கோப்பில் நேரம் மாறியது.

ஏதோ ஒன்று தங்கையைத் தொட்டிருந்தது. கடைசியாகத் தொடப்பட்டது உச்சிக்கு ஏறியது. கர்சருக்கு அடியில் இப்போது தங்கையின் பெயர். புரோகிராம் எதுவும் கேட்கவில்லை. பிளாப்பி செருகிய வாயின் விளக்கு எரிந்தது. உள்ளே சக்கரம் சுழல ஆரம்பித்தது.

வாக்கி டாக்கியில் மூச்சு நின்றது.

அவள் அதைக் காதோடு அழுத்தினாள். இரைச்சல் மட்டும். பிறகு, வெகு அருகில், ஏதோ பீங்கான் சாடிக்குள் இருந்து பேசுவது போன்ற குரல்.

"அக்கா, இங்க இடமே இல்ல."

குரல் வாக்கி டாக்கியிலிருந்து மட்டும் வரவில்லை. பிளாப்பி செருகிய வாயிலிருந்தும் வந்தது.

திரையின் நடுவில் ஒரு சிவப்புக் கட்டம். வட்டு நிரம்பிவிட்டது, மீதிக்கு அடுத்த வட்டைச் செருகவும். அவள் முதல் பிளாப்பியை உருவினாள். அது உடம்புச் சூட்டில் இருந்தது. இழுப்பறையில் போட்டுவிட்டு, கைக்கு வந்த இன்னொன்றைச் செருகினாள். சக்கரம் சுழன்றது.

"கை வந்துடுச்சு அக்கா. அதுவும் இங்கதான் இருக்கு. மடங்கிக் கிடக்கு."

"பேசிட்டே இரு. அக்கா இருக்கேன். பேசிட்டே இரு."

"என் காலு இன்னும் ரூம்ல இருக்கு."

சிவப்புக் கட்டம். அடுத்த வட்டு. உருவினாள். இழுப்பறையில் போட்டாள். இன்னொன்றை எடுக்கக் கைவிட்டாள். எல்லாம் கறுப்பு. எதிலும் எழுத்தில்லை. எது வெற்று, எது தங்கை? தொட்டுப் பார்த்தாள். எல்லாமே சூடாக இருந்தன.

"அக்கா." குரல் மெலிந்திருந்தது. "என் காலு நடக்குது. நான் நடக்கல."

தாழ்வாரத்தில் காலடி. நிதானமாக. படிக்கட்டின் பக்கம்.

ஒன்றை எடுத்தாள். இது இல்லை. அடுத்தது வெற்றாகத்தான் இருக்கும். செருகினாள். அந்த வட்டில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அதன்மேல் எழுதவா என்று கேட்க வேண்டிய புரோகிராம், கேட்கவில்லை. விளக்கு எரிந்தது. சக்கரம் சுழன்றது.

"அக்கா, வேணாம், அது என்னோட முக—"

அவ்வளவுதான்.

வாக்கி டாக்கியில் வெறும் இரைச்சல். அவள் விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தினாள். சுழற்சி நிற்கவில்லை. காலடி படிகளில் இறங்கிக்கொண்டிருந்தது. ஈரக் கம்பளியின் வாடை. அந்துருண்டை.

கதவு திறந்தது.

தங்கையின் கால்கள் உள்ளே வந்தன. மழைநீர் சொட்டாத, சுத்தமான இரண்டு கால்கள். இடுப்புவரை அவள் தங்கைதான். அதற்கு மேலே எதுவும் இல்லை. ஆனால் அந்த இல்லாத இடத்தின் வழியே கதவுநிலை தெரியவில்லை, படிக்கட்டு தெரியவில்லை, சுவர் தெரியவில்லை. கால்கள் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து, விரல்களை முன்னால் ஊன்றி, நின்றன. யாரோ அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் படிக்கும்போது நிற்பது போல.

திரையில் கர்சருக்கு அடியில் இப்போது அவளுடைய பெயர். விசைப்பலகையில், அவள் தொடாமலே, நகர்த்தும் விசை மெதுவாக அமுங்கியது.