ஏரி தெளிந்த நாள்

மழை விட்டு அரை மணி நேரமாகியும் ஒரு தவளைகூடக் கத்தவில்லை என்பது அடுப்பை ஊதிக்கொண்டிருந்த குணசுந்தரிக்கு மெதுவாகத்தான் உறைத்தது. எழுபத்தாறாம் வருஷத்து ஐப்பசி. புதுவாயலுக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரில் ஐப்பசி மழை விட்டால் தவளைச் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவது காதில் விழாது. இப்போதோ ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீரும், தூரத்தில் ஆசிட் ஃபாக்டரி விடாமல் இரைவதும்தான் கேட்டன. தீக்குச்சியைக் கிழித்து அணைத்ததுபோன்ற நெடி ஈரச் சுவரிலும், கொடித் துணியிலும், கொதிக்கும் உலையிலும்கூட ஏறியிருந்தது.

அந்த நெடி வந்து இரண்டு வருஷமாயிற்று. முதலில் முருங்கை இலையில் பழுப்புப் பொட்டுகள் விழுந்தன. பிறகு நாற்று நுனி கருகியது. போன மாதம் கோயில் சுவரின் சுண்ணாம்பு தொட்டதும் மாவாக உதிர்ந்தது. பக்கத்து வீட்டு முனுசாமிக்கு ஃபாக்டரியில்தான் வேலை. கந்தகத்தை எரித்து ஆசிட் செய்கிறார்கள், தப்பிய புகை மேகத்தில் கலந்துவிடுகிறது என்று அவன் சொன்னான்.

"மேல போன பொகை எங்க போவும் அக்கா? மழையோட எறங்கி நம்ம தலமேலதான் வரும்."

அவளுக்குப் பயம்கூட வரவில்லை. அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டாள்.

மழைக்கு முன்பே மடை பார்க்கப் போன புருஷன் துளசிராமன் இன்னும் திரும்பவில்லை. உலையை இறக்கிவிட்டு ஏரிக்கரைக்கு நடந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. வழியில் தும்பி இல்லை. கொசு இல்லை. கரையில் ஒரு கொக்கும் இல்லை.

ஏரி தெளிந்திருந்தது.

மழை பெய்தால் செம்மண்ணாகக் கலங்குகிற ஏரி. இன்று அடியில் கிடந்த ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. கற்களுக்கு நடுவே கெண்டைகள், விரால்கள். நூறு இருக்கும். இருநூறு இருக்கும். ஒன்றும் அசையவில்லை. எல்லாவற்றின் கண்ணும் வெந்த வெள்ளை.

நடுவே, இடுப்பளவுத் தண்ணீரில், முதுகைக் காட்டிக்கொண்டு துளசிராமன் நின்றிருந்தான்.

"மாமா, கரைக்கு வா."

"தண்ணி எப்டி தெளிஞ்சி கீது பாரு சுந்தரி." குரலில் ஒன்றுமே இல்லை. "மொதல்ல எரிஞ்சிது. இப்ப ஒண்ணும் தெரில."

அவள் தண்ணீரில் இறங்கினாள். சுரீரென்றது. இன்னும் ஓரடி. பிறகு சில்லென்றுகூடத் தெரியவில்லை. கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இருந்தது.

மறுபடி தூறல்.

அவன் திரும்பினான். அவளைப் பார்க்கவில்லை. அவள் குரல் வந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தான். பிறகு முகத்தை வானத்துக்குத் தூக்கினான்.

கண்கள் இரண்டும் திறந்திருந்தன. கருவிழி இல்லை. வெள்ளை. மழைத்துளிகள் ஒவ்வொன்றாக அவற்றின் மேல் விழுந்தன.

அவன் இமைக்கவில்லை.