மூன்று மீற்றர் தூரம்

ஒரு பெண் மூன்று மீற்றர் தூரத்தைக் கடந்து தன்னிடம் வர ஒன்றரை மணி நேரம் எடுத்தால், காத்து நிற்பவனுக்குக் காதல் வராமல் வேறென்ன வரும்? ஆனையிறவுப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பிரதீபன் இதை நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொள்வான். நாலு வருடமாகிவிட்டது. அது நடந்த காணியில் இப்போது தென்னம்பிள்ளைகள் நிற்கின்றன... அன்றைக்கு நின்றவை சிவப்புத் தடிகள்.

பிழை அவனுடையதுதான். கிளிநொச்சிப் பெடியன், தொல்லியல் மூன்றாம் வருடம். கிரேக்க நாட்டில் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் நடத்தும் கோடைகால அகழாய்வுக்குத் தெரிவாகியிருந்தான். ஆறு கிழமை! இரண்டு கிழமையில் பயணம். அந்தப் பெருமையிலேயே சைக்கிளை வீதியோரம் சாத்திவிட்டு, பழைய பானை ஓடு ஏதும் கிடக்கிறதா என்று பார்க்க இறங்கினான். ஒன்று கிடந்தது. கறுப்பும் சிவப்புமாய், கையளவு... நிலத்தையே பார்த்து நடப்பவனுக்கு எச்சரிக்கைக்கு நட்டு வைத்த சிவப்புத் தடி எங்கே தெரியப்போகிறது?

"நில்லுங்கோ! அசையாதேங்கோ!"

அவன் நின்றான். நிமிர்ந்தான். முகத்தை முழுதாய் மறைத்த கண்ணாடிக் கவசம், நீல நிறத் தடித்த அங்கி, கையில் சின்னச் சுரண்டி. கவசத்துக்குள் இரண்டு கண்கள் மட்டும்... அப்பப்பா, என்ன கோபம் அந்தக் கண்களில்!

"எங்க நிக்கிறியள் எண்டு தெரியுமோ?"

"பானை ஓடு..."

"ஓடு இருக்கட்டும். கால் ரெண்டும் வேணுமெண்டா நிண்ட இடத்திலயே நில்லுங்கோ."

அவள் நிரோஜா. மிதிவெடி அகற்றும் குழுவில் அப்போது மூன்று வருட அனுபவக்காரி. குழுவுக்குப் பொறுப்பான கமலாசனி அக்கா தூரத்தில் நின்று தலையில் கை வைத்தார். பிறகு தொடங்கு என்று கையைக் காட்டினார். நிரோஜா முழங்காலில் இருந்தாள். பாதுகாப்பான பாதையிலிருந்து அவனுடைய கால் வரைக்கும் மண்ணைச் சுரண்டிச் சுரண்டித்தான் வரவேண்டும். மூன்று மீற்றர்.

முதல் அரை மணி நேரம் அவள் மண்ணை மட்டுமே பார்த்துச் சுரண்டினாள். வைகாசி வெயில் உச்சியைப் பிளந்தது. அவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"ஏதாவது கதையுங்கோ," என்றாள் அவள், தலை நிமிராமல். "மயங்கி விழுந்தியள் எண்டா என்ர வேலை கெட்டுப்போம்."

அவன் கதைத்தான். கிரேக்கம், மலைச்சரிவு, மண்ணுக்குள் இருக்கும் பழைய ஊர், அங்கே போனால் தன் கையாலேயே கிண்டப்போவது... எல்லாம்.

"அங்க மிதிவெடி இல்லையோ?"

"இல்லை."

"அப்ப என்ன, சும்மா கிண்டலாம்."

"கிண்டக் கூடாது. மெல்லமா சுரண்டோணும். உள்ளுக்கு இருக்கிறது உடைஞ்சிடும்."

சுரண்டி ஒரு கணம் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான்," என்றாள். "எதையும் மேலால குத்தக் கூடாது. பக்கத்தால போகோணும். இப்பிடி... பாருங்கோ."

அவன் பார்த்தான். அவளுடைய கையைப் பார்த்தான்... மண்ணைப் பார்த்தான் என்று பிற்பாடு எல்லோரிடமும் பொய் சொன்னான். கையளவு மண், பக்கவாட்டில், மெல்ல மெல்ல. அவசரமே இல்லாத அந்தக் கை அவனுக்குள் எதையோ நிதானமாய்த் தோண்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவள் அவனுடைய செருப்புக்கு ஒரு சாண் தூரத்துக்கு வந்தபோது மழை தூறத் தொடங்கியது. வெளியே வந்ததும் கவசத்தைக் கழற்றினாள். வியர்வையும் மழையுமாய் ஒரு முகம். நன்றி சொல்ல வந்தவன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கமலாசனி அக்காதான் வாய் ஓயாமல் பேசினார். ஒரு மணி நேரம் ஏச்சு வாங்கினான். சந்தோசமாக வாங்கினான்.

அடுத்த நாள் பின்னேரம் பரந்தன் சந்தியில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனான். அதற்கடுத்த நாளும் போனான். எத்தனை நாளைக்குத்தான் மன்னிப்புக் கேட்பீர் என்று அவள் சிரித்தாள். நாலாம் நாள் போன் நம்பர் கிடைத்தது.

கிரேக்கத்தில் இரண்டாவது கிழமை. குழிக்குள் அவனோடு வெவ்வேறு நாட்டு மாணவர்கள் ஏழு பேர். மேசன்மார் சாந்து பூசும் கரண்டி மாதிரி ஒரு சின்னக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தவனுக்கு 'டிக்' என்று உலோகச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். சிவப்புத் தடிகள் நினைவுக்கு வந்தன. கை தானாக உயர்ந்தது.

"அசையாதேங்கோ!" என்று தமிழில் கத்தினான்.

ஏழு பேரும் விழித்தார்கள். பிறகு சிரித்தார்கள். அவனும் சிரித்துவைத்தான். ஆனால் கரண்டியை மேலே வைக்கவில்லை, பக்கத்தால் போனான். இரண்டு நாளில் பச்சை பிடித்த வெண்கலக் கிண்ணமொன்று, விளிம்பு கூட நெளியாமல் முழுசாக வெளியே வந்தது. பேராசிரியை அவன் தோளைத் தட்டினார். கமராவோடு ஒருவர் வந்து, இவ்வளவு பக்குவமாக வேலை செய்ய எங்கே பழகினாய் என்று கேட்டார்.

"என் பல்கலைக்கழகத்தில்," என்றான் பிரதீபன்.

சொன்னதோடு விட்டானா? அந்த வீடியோவை அன்றைக்கே நிரோஜாவுக்கு அனுப்பியும் வைத்தான், மடையன்! வெள்ளைக்காரரோடு வேலை செய்தவளுக்கு அந்த ஆங்கிலம் விளங்காதா? ஒரு சொல்லில் பதில் வந்தது. 'சந்தோசம்.' அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. மிச்சம் இருந்த நாலு கிழமையும் அவன் மண்ணைச் சுரண்டினான், போனைப் பார்த்தான்... மண்ணாவது ஏதாவது தந்தது.

ஊருக்குத் திரும்பியபோது அடுத்த வருடமும் வரச்சொல்லிப் பேராசிரியை எழுதிய கடிதம் பையில் இருந்தது. அதைக் காட்ட அவனுக்கு ஒருத்திதான் இருந்தாள். அவளோ பரந்தன் சந்தியில் அவனைக் கண்டதும் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். இரண்டு மாதமாய் அதே கதை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டும் மழையில் நனைந்துகொண்டு அவள் வீட்டுக்கே போனான். தாய் விமலேஸ்வரி விறாந்தையில் கதிரை போட்டார். பல்கலைக்கழகத்திலிருந்து ஏதோ விபரம் எடுக்க வந்த பிள்ளை என்று நினைத்துத் தேத்தண்ணியும் வைத்தார்.

நிரோஜா வாசலில் வந்து நின்றாள்.

"என்ன விசயம்?"

"மன்னிப்புக் கேக்க வந்தனான்."

"அதுதான் உமக்குப் பழக்கமாச்சே." "மிதிவெடி எடுக்கிறவளிட்ட பழகினனான் எண்டு சொல்ல அவ்வளவு வெக்கமோ?"

"வெக்கமில்லை, நிரோஜா."

"பிறகு?"

அவன் தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. துடைக்கவில்லை.

"எங்க போனாலும் சண்டை நடந்த வன்னி எண்டு சொன்ன உடன ஒரு பார்வை பாப்பினம். ஐயோ பாவம் எண்டு... மிதிவெடி எண்டு சொல்லியிருந்தா அந்தப் பார்வைதான் வந்திருக்கும். கிண்ணத்தை ஆரும் பாத்திருக்க மாட்டினம். ஒரு நாளைக்கெண்டாலும் ஆரும் பாவம் பாக்காத ஆளா இருக்க ஆசைப்பட்டன். அதுக்கு உம்மை மறைச்சிட்டன். அது பிழை. பெரிய பிழை."

மழை கூரைத் தகட்டில் பேரிரைச்சலாய் விழுந்தது. அவள் கண்கள் நிறைந்தன. கோபம் அதில் இருந்ததா, வேறேதுமா... அவனுக்குப் பிடிபடவில்லை.

"நான் இந்த வேலை செய்து என்ர குடும்பத்தைப் பாக்கிறன்," என்றாள் மெதுவாக. "நான் துப்பரவாக்கின காணியில சனம் வீடு கட்டி இருக்குது. என்னில பாவம் பாக்க என்ன கிடக்கு, பிரதீபன்?"

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. இத்தனை படித்தும் தனக்கு இது தெரியாமல் போய்விட்டதே என்றிருந்தது. எழுந்தான். அவளிடம் அல்ல, தேத்தண்ணிக் கோப்பையோடு திகைத்து நின்ற தாயிடம் போனான்.

"அம்மா, நான் விபரம் எடுக்க வரேல்ல. அந்தக் கிண்ணத்தை முழுசா எடுக்க எனக்குப் பழக்கினது உங்கட மகள்தான். அதைப் பேராசிரியைக்கும் நேற்று எழுதிப்போட்டன். இவாவை எனக்கு விருப்பம். இவா வேண்டாமெண்டா இனி இந்தப் பக்கம் வரமாட்டன்."

விமலேஸ்வரிக்கு அரைவாசிதான் விளங்கியது. முக்கியமான அரைவாசி. மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னடி பிள்ளை, இவர் என்னவோ சொல்லுறார்... நீ என்ன சொல்லுறாய்?"

நிரோஜா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். நேரே அவனைப் பார்த்தாள்.

"அங்க திரும்பவும் போறதெண்டாப் போகட்டும், அம்மா. ஆனா ஆர் கேட்டாலும், என்ர மனிசி மிதிவெடி எடுக்கிறவள் எண்டு முதல்ல சொல்லோணும். அதுக்கு ஓமெண்டா... நீங்கள் கலியாணத்துக்கு நாள் பாருங்கோ."