பிரேக் பிடிக்கல

அக்டோபர் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஓக்னியான் அந்த லாரி ஷெட்டுக்கு வந்து சேர்ந்தான். மூன்று மாதம் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தவனுக்கு, பால்கன் மலையின் வடக்கு அடிவாரத்தில் இருந்த அந்தத் துருப்பிடித்த கேட்கூட அழகாகத்தான் தெரிந்தது. கேட்டில் ஒரு மரண அறிவிப்பு ஒட்டியிருந்தது. யாரோ அதைப் பாதி சுரண்டியிருந்தார்கள். புகைப்படத்தில் ஒரு தாடையும், கீழே பிளாகோய் என்ற பெயரும் மட்டும் மிச்சம்.

அவனுக்குக் கொடுத்த லாரியின் அருகில் மற்ற டிரைவர்கள் யாரும் நிற்கவில்லை. கேபினுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஏறி உட்கார்ந்ததும் பெயிண்ட் வாசனைக்கு அடியிலிருந்து இன்னொன்று எழுந்தது. ஈர மண். கருகிய ரப்பர்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்கு அடியில் புகுந்து பார்த்தான். பிரேக் லைனிங் தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஒரு பிரேக் டிரம்மில் விரல் நீளத்துக்கு விரிசல்.

முதலாளி ரைச்சோ ஆபீசில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சூடான பனித்சாவைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

"முதலாளி, டிரெய்லர்ல பிரேக்கே இல்லங்க. இதை வெச்சுக்கிட்டு மலை இறங்க முடியாது."

"வந்த அன்னைக்கே ஆரம்பிச்சுட்டியா? எழுதிக் குடு. வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்."

"இன்னைக்கு லோடு?"

"கூரை ஓடு மத்தியானத்துக்குள்ள தெற்குப் பக்கம் போய் இறங்கணும். பயமா இருந்தா சாவியை வெச்சுட்டுக் கெளம்பு. இந்த வேலைக்கு இன்னும் ரெண்டு பேரு காத்துக் கெடக்கறானுங்க."

ஓக்னியான் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "கேட்டுல போட்டிருக்கே, அது யாரு?"

"பழைய டிரைவர்." ரைச்சோ விரல்களைத் துடைத்துக்கொண்டார். "ஹார்ட் அட்டாக்."

வண்டி வெளியே வரும்போது மெக்கானிக் மின்கோ ஓடிவந்து கேபின் படியில் கை வைத்தான். "அண்ணே, அந்த எட்டாவது வளைவுல..." என்று ஆரம்பித்தான். ஆபீஸ் ஜன்னல் திறந்தது. மின்கோ கையை எடுத்துக்கொண்டான்.

மலை உச்சியைத் தாண்டும்போது பகல் பதினொன்றரை. ஆனால் பகல் என்று சொல்ல முடியாது. பனிமூட்டம் சாலையை முழுங்கியிருந்தது. வலப்பக்கம் பாறையும் இடப்பக்கம் பள்ளமும் இருப்பது தெரிந்தவனுக்கு மட்டும்தான் தெரியும். ஓக்னியான் கியரைக் குறைத்து, ஊர்ந்தபடி இறங்கினான். இருபத்திரண்டு டன் ஓடு பின்னாலிருந்து நெட்டித் தள்ளியது. ஐந்தாவது வளைவில் புகை நாற்றம் வந்தது. ஏழாவது வளைவில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது.

விட்டு மிதிக்கலாம் என்று காலைத் தூக்கினான்.

பெடல் மேலே வரவில்லை.

மறுபடி காலை வைத்தான். பூட்ஸுக்கும் பெடலுக்கும் நடுவில் ஏதோ இருந்தது.

அது நடுங்கியது.

குனிந்து பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. பார்க்கவும் தேவையில்லை. தன் பாதத்துக்கு அடியில் இருப்பது இன்னொரு பாதம் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. உயிர் மொத்தத்தையும் குதிகாலில் இறக்கி மிதிக்கும் ஒரு மனிதனின் பாதம். வேகம் ஐம்பதைத் தொட்டது. அறுபது.

காதோரம் ஒரு மூச்சு.

"பிடிக்கல... பிரேக் பிடிக்கல..."

எங்கிருந்து வந்தது என்று ஓக்னியானுக்கே தெரியாமல் குரல் வந்தது. "பிளாகோய், கால எடுப்பா. எவ்வளவு மிதிச்சாலும் பிடிக்காது. அவங்க மாத்தவே இல்ல."

அவன் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்து லாரியைப் பாறையோடு சேர்த்தான். தகரம் கிழிந்தது, கண்ணாடி பொடிந்தது, ஓடுகள் சாலையெல்லாம் சிதறின. நூறு அடி தூரம் உரசிக்கொண்டே போய், எட்டாவது வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் லாரி நின்றது. அவனுக்கு நெற்றியில் ஒரு வெட்டு மட்டும்தான்.

முக்கால் மணி நேரத்தில் போலீஸ் வந்தது. பின்னாலேயே ரைச்சோவும் மின்கோவும்.

"தூங்கிட்டான் சார்," என்றார் ரைச்சோ. "வண்டியில ஒரு குறையும் கிடையாது."

மின்கோ சிதறிக் கிடந்த ஓடுகளைப் பார்த்தபடி நின்றான். பிறகு, "பொய் சார்," என்றான். "பிளாகோய் அண்ணன் பிரேக் சரியில்லைன்னு பதினெட்டு தடவை எழுதிக் குடுத்தாரு. இதே லாரி, இதே டிரெய்லர். மார்ச் மாசம் அதோ அந்த வளைவுல கீழ போனாரு. மேல தூக்கும்போது நான் இருந்தேன். செத்தும் அவரு கால் பெடலை விடல சார். கம்பி வெச்சு நெம்பித்தான் எடுத்தோம். ஹார்ட் அட்டாக்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னேன்."

விசாரணைக்காக ரைச்சோவைப் போலீஸ் காரின் முன் சீட்டில் ஏற்றினார்கள். தையல் போடவேண்டும் என்று ஓக்னியானைப் பின்னால் உட்காரவைத்தார்கள். புது கார். இளம் கான்ஸ்டபிள் நிதானமாக ஓட்டினான்.

எட்டாவது வளைவு வந்தது.

கார் வேகம் குறைந்தது. குலுங்காமல், டயர் கிறீச்சிடாமல், சாலை நடுவே நின்றது.

"எதுக்கு நிறுத்தின?" என்றார் ரைச்சோ.

கான்ஸ்டபிள் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு முழங்கால்களையும் மெல்ல சீட்டோடு ஒடுக்கிக்கொண்டான்.

"நான் மிதிக்கல சார்."

காருக்குள் நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது. நெடுநாள் சுமையை இறக்கி வைத்தவன் விடுவது போன்ற மூச்சு. அது அவர்கள் மூவரில் யாருடையதும் இல்லை.