இடப்பக்க எடை

அக்டோபர் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. மழை விட்டிருந்தது, வானம் இன்னும் வெளுக்கவில்லை. வீட்டை ஒட்டிய ஷெட்டின் தகரக் கூரையிலிருந்து நீர் விட்டுவிட்டுச் சொட்டிக்கொண்டிருக்க, வேனின் நான்கு டயர்களையும் வரிசையாகத் தடவி, பள்ளங்களின் ஆழத்தை அளவுகருவியால் அளந்துகொண்டே வந்தவள், இடப்பக்க முன் டயரிடம் வந்ததும் கையை நிறுத்தினாள். மற்ற மூன்றைவிட அது அதிகமாகத் தேய்ந்திருந்தது.

மறுபடி அளந்தாள். பிழை இல்லை. தண்ணீர்த் தொட்டியும் கருவிப்பெட்டியும் உதிரிச் சக்கரமும் வலப்பக்கத்தில் இருந்தன. ஓட்டுபவனும் வலப்பக்கத்தில்தான் உட்காருவான். தேய்வதானால் வலப்பக்கம்தான் தேய்ந்திருக்க வேண்டும். சக்கரங்களின் அலைன்மென்ட்டைப் போன மாதம் அவளே சரிபார்த்திருந்தாள்.

லாரி நிறுவனம் ஒன்றில் டயர் பரிசோதிப்பது அவள் தொழில். யார் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினார், யார் வளைவில் வேகத்தைக் குறைக்கவில்லை என்பதை ஓட்டுநர் வாய் திறக்குமுன் டயரைத் தடவியே சொல்லிவிடுவாள். அதனால் கணவன் அவளை இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவான். இந்த டயரை அவள் இன்னொரு முறை தடவிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. வேன் போன இடமெல்லாம் அதன் முன் இருக்கையில், ஓட்டுபவனுக்குப் பக்கத்தில், யாரோ உட்கார்ந்து வந்திருந்தார்கள்.

அந்த வேனை இருவரும் சேர்ந்துதான் கட்டினார்கள். கட்டிலுக்குப் பலகை அறுத்தது அவன். அடுப்புக்குக் குழாய் இழுத்ததும், முன் இருக்கைக்குப் பச்சைத் துணி தைத்ததும் அவள். அவளுக்கு விடுப்புக் கிடைக்காததால் மலைப்பாதையைப் பார்த்துவர அவன் இரண்டு முறை தனியாகப் போய்வந்தான். இப்போது அவளுக்கு இரண்டு மாத விடுப்பு. அடுத்த வாரம் புறப்பாடு. அந்தப் பச்சை இருக்கைக்காகவே அவள் இவ்வளவு காலம் காத்திருந்தாள்.

"என்ன இன்ஸ்பெக்டர், எந்த டயர்னு முடிவு பண்ணியாச்சா?" தேநீருடன் வந்த கணவன் கேட்டான். "ஆறு மணிக்குள்ள கையெழுத்துப் போட்ட டயர் ஆர்டர் தாள் வேணுமாம். வண்டி உன் பேர்ல இருக்கு, நான் போட்டா செல்லாதுங்கிறான் கடைக்காரன்."

"ரெண்டு இருக்கு. ஒண்ணு சாலையில சத்தம் போடாது, சேத்துல கைவிட்டுடும். இன்னொண்ணு பக்கச்சுவர் தடி, கல்லு குத்தினாலும் தாங்கும், கொஞ்சம் முரடு. எவ்வளவு கனம்னு தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்."

"கனம் தாங்குறதையே போட்டுடு."

"நாம ரெண்டு பேருதானே. எதுக்கு அவ்வளவு?"

அவன் தேநீரை ஊதினான். குடிக்கவில்லை.

"என்னங்க, போன தடவை கூட யாரு வந்தா?"

"யாரும் வரல. ஒத்தையாத்தான் போனேன்."

"டயர் அப்படிச் சொல்லலையே."

"டயர்கிட்டயே கேட்டுக்கோ. என்னைவிட அதைத்தானே நம்புவ."

சிரிக்க வேண்டிய இடம்தான். இருவரும் சிரிக்கவில்லை.

பொறாமை என்ற சொல்லை அவள் மனத்துக்குள்கூட உச்சரிக்கவில்லை. ஐயம் என்று திருத்திக்கொண்டாள். ஆனால் திருத்தத்துக்கு அடங்காத சில செய்திகள் இருந்தன. இரண்டாம் பயணத்திலிருந்து திரும்பியபின் அவன் வேனை நிறுத்தியதும் வீட்டுக்குள் வருவதில்லை. குளியலறை ஜன்னல் வழியாக அவன் பேசுவது கேட்கும்: தாழ்ந்த, இதமான, கல்யாணமான புதிதில் அவளுக்கென்று வைத்திருந்து பிறகு காணாமல்போன குரல், ஒரு வாக்கியம், பதில் கேட்பதுபோல் ஓர் இடைவெளி, மறுபடி ஒரு வாக்கியம். கைபேசியில் பேசுகிறான் என்று முதலில் எண்ணினாள். கூடத்துக்கு வந்து பார்த்தால், கைபேசி சாப்பாட்டு மேசையில் சார்ஜில் இருந்தது.

அலுவலகத்திலிருந்து இரவல் வாங்கிய நான்கு தட்டைத் தராசுகளைச் சக்கரங்களின்முன் வைத்து, வேனை அவற்றின்மீது ஏற்றச் சொன்னாள். பிறகு அவனை இறக்கினாள். மெத்தை, பாத்திரம், கருவிப்பெட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். தொட்டியைத் திறந்து தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை வடித்தாள். வெற்று வேனின் எடை அவளுக்கு மனப்பாடம். கட்டி முடித்த அன்று இதே தராசுகளில் அவள்தான் எடை போட்டாள்.

தராசுகளோடு இணைத்துச் சுவரில் மாட்டிய எண்பலகையில் எண்கள் ஓடி நின்றன. ஐம்பத்து நான்கு கிலோ கூடுதல். அதில் பெரும்பகுதி இடப்பக்க முன் சக்கரத்தின் மேல்.

ஐம்பத்து நான்கு அவளுடைய எடை. என் அளவிலேயே ஒருத்தியைப் பிடித்திருக்கிறான் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றிய எண்ணம். வேனுக்குள் யாருமில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

எண் சற்றே குறைந்தது. கூடியது. மறுபடி நின்றது. உட்கார்ந்திருக்கும் ஒருவர் கால் மாற்றிப் போட்டுக்கொள்வதுபோல.

இடப்பக்கக் கதவைத் திறந்தாள். மழையில் நெடுநேரம் கிடந்த கல்லின் வாடை. அதன் அடியில் அழுகிய இலையின் வாடை. அவள் தைத்த பச்சைத் துணி நடுவில் குழிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். குழி மேலெழவில்லை.

"இறங்கச் சொல்லிப் பாத்தேன்," என்றான் கணவன், அவளுக்குப் பின்னாலிருந்து. "கேக்கல."

"யாரு?"

"தெரியல. மேல, கணவாய்ல, நல்ல மழை. ஓரமா நின்னு கை காட்டினாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. நான் வண்டிய நிறுத்தவே இல்ல." மறுபடியும், "நிறுத்தாமத்தான் வந்தேன்," என்றான்.

"வீட்டுக்கு வந்து சொல்லலையே."

"என்னன்னு சொல்ல? பேச்சுக் கொடுத்தா சும்மா இருக்கு. பேசலைன்னா அழுவுது."

அவள் அஞ்சியிருக்க வேண்டும். அஞ்சினாள், ஆனால் அச்சத்துக்கு முன்னால் முந்திக்கொண்டு நின்றது வேறொன்று. அது அழுதால் இவனுக்குக் கேட்கிறது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு இரண்டு ஆண்டுகளாக அவள் அழுதது இவனுக்குக் கேட்டதில்லை.

"கணவாய் போய்ச் சேர்ற வரைக்கும் நீ பின்னாடி உக்காந்துக்கோயேன்," என்றான். "கட்டில் பக்கத்துல வசதியாத்தான் இருக்கும்."

"நான் பின்னாடியா?"

"கோவிச்சுக்காதே. அதுக்குப் பின்னாடி பிடிக்கல."

அதுக்குப் பிடிக்கல. அவள் கடைத்தாளையும் பேனாவையும் எடுத்தாள். இடக்கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பலகையைப் பாத்துட்டே இருங்க," என்றாள். பிறகு இருக்கையை நோக்கிக் குனிந்து, நிறுவனத்தில் ஓட்டுநர்களிடம் பேசும் அதே குரலில், "இறங்கு. இது என் இடம்," என்றாள்.

உட்கார்ந்தாள். குளிர் முதுகுத்தண்டு வழியே ஏறியது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது, காற்றாக இருக்கலாம்.

"எவ்வளவு காட்டுது?"

அவன் பலகையருகே போய்ப் பார்த்தான்.

"மாறல," என்றான். "அப்படியேதான் இருக்கு. நீ இன்னும் ஏறலையா?"

மாறவில்லை. ஒருத்தி ஏறினாள், ஒருத்தி இறங்கினாள். கணக்கு அதுதான், வேறொன்றும் இருக்க முடியாது. வேனின் மறுபுறத்தில், சிமெண்டுத் தரையில், ஈரக் கால்கள் மெல்ல நடந்து வீட்டுப் பக்கம் போகும் ஓசை கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. போகட்டும். ஜெயித்த நினைப்பில், தாளை மடியில் வைத்து, தடித்த பக்கச்சுவர் கொண்ட முரட்டு டயருக்கு நேரே குறியிட்டாள். பயணிகள்: இருவர். கையெழுத்தைத் தெளிவாகப் போட்டாள். மை காயுமுன் அதன்மேல் ஒரு சொட்டு நீர் விழுந்தது. அவள் கூந்தலிலிருந்து.

கூந்தல் எப்போது நனைந்தது?

கண்ணாடி சற்றே இறங்கியிருந்த ஜன்னலருகே கணவன் வந்தான். தாளை நீட்டினாள். வாங்கிக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இருக்கையின் முதுகில் ஏதோ ஓர் இடத்தைப் பார்த்தான்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ," என்றான், அந்தத் தாழ்ந்த, இதமான குரலில். "அடுத்த வாரம் போயிடலாம். அழக் கூடாது."

"என்னங்க, நான்தான்."

அவன் ஓர் இடைவெளி விட்டான். பதில் கேட்பவன்போலத் தலையசைத்தான்.

"சரி, சரி," என்றான்.

கைப்பிடியை இழுத்தாள். விரல்கள் கைப்பிடியில் இருந்தன. கைப்பிடி அசையவில்லை. கண்ணாடியைத் தட்டினாள். ஓசை இல்லை. கூரை சொட்டும் ஓசை மட்டும். அவன் திரும்பி நடந்தான்.

வீட்டு வாசற்படியில் ஒருத்தி நின்றாள். அவளுடைய வேலைக் கோட்டு. அவளுடைய செருப்பு. கையில் அவளுடைய அளவுகருவி. கூந்தலிலிருந்து நீர் வடிந்து படியில் தேங்கிக்கொண்டிருந்தது.

"இந்தாங்க இன்ஸ்பெக்டர்," என்றான் கணவன், சிரித்துக்கொண்டே. "எப்ப இறங்கிப் போன? தாளை உள்ளயே வெச்சுட்டியே."

படியில் நின்றவள் தாளை வாங்கிக்கொண்டாள். கையெழுத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, வேனின் இடப்பக்க ஜன்னலை நோக்கி, மழையில் சாலையோரம் நிற்பவர்கள் வண்டிக்குக் காட்டுவதுபோல, மெதுவாகக் கை காட்டினாள்.